வாசலில் அமர்ந்தவர்கள்

வாவிக்கரை வரலாறு – 17

மட்டக்களப்பில் வயதான ஒருவரிடம் "கோட்டைக்குப் போய் வாறன்" என்று சொல்லிப் பாருங்கள். பீரங்கி பார்க்கப் போவதாக அவர் நினைக்கமாட்டார். என்ன அலுவல், எந்தக் கிளாக்கரைப் பார்க்க வேணும், கடுதாசியெல்லாம் எடுத்தாச்சா என்றுதான் கேட்பார். புளியந்தீவின் ஓரத்தில், இரண்டு பக்கம் வாவியும் இரண்டு பக்கம் அகழியுமாக நிற்கிற அந்த ஒல்லாந்தர் கோட்டைக்குள்தான் நெடுங்காலம் கச்சேரி இருந்தது. படுவான்கரை விவசாயி மண்முனைத் துறையில் பாதை ஏறி, வாவியைக் கடந்து, பஸ் பிடித்து, காணி அனுமதிப்பத்திரத்துக்காக வந்து நின்ற இடம் அது. ஓய்வூதியமும் வெள்ள நிவாரணமும் அங்கேதான். அரசாங்கம் என்ற ஒன்றை இந்த மாவட்டத்து மக்கள் கண்ணால் கண்டது அந்தக் கல்மதிலுக்குள்தான்.

கோட்டையின் கதையைச் சொல்பவர்கள் யார் கட்டினார்கள், யார் பிடித்தார்கள் என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். அதன் வாசலில் யார் உட்கார்ந்தார்கள் என்பதை நான் இந்த வாரம் சொல்ல விரும்புகிறேன். கிழக்கிலங்கையில் ஜனநாயகத்தின் நினைவிடம் என்று ஒரு கட்டடத்தைக் காட்டச் சொன்னால், நான் இந்தக் கோட்டைவாசலைத்தான் காட்டுவேன். இதற்கு ஓர் உடன்பிறப்பு கடலுக்கு அப்பால் இருக்கிறது: கொச்சி மட்டாஞ்சேரியில் யூதர்களின் ஜெப ஆலயம். இரண்டையும் இணைத்தது ஒரே போர். இரண்டிலும், உள்ளே இடம் மறுக்கப்பட்டவர்கள் அமர்ந்து போராடித் தங்கள் இடத்தைக் கேட்டார்கள்.

போரிலிருந்து தொடங்குகிறேன். 1602 மே மாத முடிவில் யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் என்ற ஒல்லாந்த மாலுமி மட்டக்களப்புக் கரையில் நங்கூரமிட்டான். அதே ஆண்டு மார்ச் மாதத்தில்தான் ஆம்ஸ்டர்டாமில் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி பிறந்திருந்தது. ஸ்பில்பேர்கன் இங்கிருந்து கண்டிக்குப் போய் விமலதர்மசூரியனைக் கண்டான். அடுத்த ஆண்டு வந்த செபால்ட் டி வேர்ட் அரசனோடு முரண்பட்டு இதே கரையில் கொல்லப்பட்டான். ஒல்லாந்தர் மீண்டும் வந்துவிடுவார்கள் என்று அஞ்சிய போர்த்துக்கேயர் 1628இல் புளியந்தீவில் கோட்டை எழுப்பினார்கள். பத்தே ஆண்டில் அவர்கள் அஞ்சியது நடந்தது. 1638 மே 18ஆம் திகதி, தளபதி வெஸ்டர்வோல்டின் கப்பல்களும் இரண்டாம் இராசசிங்கனின் படையும் சேர்ந்து கோட்டையைப் பிடித்தன. இலங்கையில் ஒல்லாந்தர் கைக்குப் போன முதல் கோட்டை இதுதான்.

ஐந்து நாள் கழித்து, மே 23இல், அரசனுக்கும் கம்பனிக்கும் இங்கேயே ஓர் உடன்படிக்கை கைச்சாத்தானது. பிடிபடும் கோட்டைகளில் அரசன் விரும்பினால் ஒல்லாந்தப் படை நிற்கலாம் என்பது அரசன் கையிலிருந்த பிரதியின் ஏற்பாடு. கம்பனியின் பிரதியில் அந்த 'அரசன் விரும்பினால்' இல்லை. கோட்டைகளெல்லாம் கம்பனிக்குப் போனதற்கும், அரசன் இறுதிவரை ஏமாற்றத்தோடு போராடியதற்கும் அந்த விடுபாடே வேர். அரசனுடைய விருப்பமே ஏட்டிலிருந்து காணாமல் போயிருக்க, வாவிக்கரைக் குடியானவனின் விருப்பத்தைக் கேட்க அன்று யார் இருந்தார்கள்? இந்தக் கோட்டையில் நடந்த முதல் பெரிய அரசியல் காரியம், கேட்க வேண்டியவரைக் கேளாமல் முடித்த காரியம். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், 323 ஆண்டு கழித்து அதே இடத்தில் நடந்ததை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பதுதான்.

புளியந்தீவில் மூண்ட தீ பரவியது. 1640இல் காலி, 1656இல் கொழும்பு, 1658இல் யாழ்ப்பாணம் என்று போர்த்துக்கேயரின் கோட்டைகள் விழுந்தன. இலங்கையை முடித்த ரைக்லொவ் வான் கூன்ஸ் அடுத்து மலையாளக் கரைக்குத் திரும்பினான். 1662இல் கொச்சியை முற்றுகையிட்டுத் தோற்றான். 1663 ஜனவரியில் பிடித்தான். அந்த இரண்டு முற்றுகைகளுக்கும் இடைப்பட்ட சில மாதங்களில் கொச்சி யூதர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஒல்லாந்தருக்கு உதவினார்கள் என்று குற்றம் சாட்டி, போர்த்துக்கேயர் யூதத் தெருவைச் சூறையாடி ஜெப ஆலயத்துக்குத் தீ வைத்தார்கள். ஏடுகள் பல அத்தோடு அழிந்தன.

அந்த யூதர்கள் அங்கே நேற்று வந்தவர்களல்லர். சுமார் ஆயிரம் ஆண்டுக்கு முன் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் யோசேப் ரப்பான் என்ற யூதத் தலைவனுக்குக் கொடுத்த செப்பேடு இன்றும் மட்டாஞ்சேரி ஜெப ஆலயத்தின் சொத்தாக இருக்கிறது. வட்டெழுத்தில் வெட்டியது, நம் கல்வெட்டுகளோடு பழகியவர்களுக்கு அந்த எழுத்து அந்நியமாகத் தோன்றாது. அஞ்சுவண்ணமும் பகல்விளக்கும் பாவாடையும் பல்லக்கும் குடையும் என்று எழுபத்திரண்டு உரிமைகளை அது தருகிறது. அஞ்சுவண்ணம் என்ற வணிகக் கணத்தின் பெயர் தமிழ்நாட்டுக் கல்வெட்டுகளிலும் வரும். கடல் கடந்து வந்து வேற்றுத் தெய்வத்தை வணங்கிய ஒரு கூட்டத்துக்கு, சேர நாட்டு அவையில் இன்ன மரியாதை என்று செம்பில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். எழுதிக் கொடுத்ததுதான் முக்கியம். மன்னனின் மனம் மாறினாலும் செம்பு மாறாது.

ஐரோப்பாவில் அதே மக்களின் நிலை வேறு. 1492இல் ஸ்பெயின் அவர்களை வெளியேற்றியது. 1497இல் போர்த்துக்கல் கட்டாயமாக மதம் மாற்றியது. பிறகு, மாறியது உண்மையா என்று விசாரிக்க மதவிசாரணை மன்றமும் வைத்தது. 1560இல் அந்த மன்றம் கோவாவுக்கே வந்து சேர்ந்தது. இலங்கைக் கறுவாவைப் பற்றி ஐரோப்பாவுக்குத் தெளிவாக எடுத்துச் சொன்ன முதல்வர்களில் ஒருவரான வைத்தியர் கார்சியா டா ஓர்த்தா அப்படி மாற்றப்பட்ட யூதக் குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய மருந்துச் சரக்கு நூல் 1563இல் கோவாவில் அச்சானது. 1568இல் அவர் இறந்தார். அடுத்த ஆண்டு அவருடைய சகோதரியை எரித்தார்கள். அதோடு ஆறவில்லை, 1580இல் அவருடைய எலும்புகளைத் தோண்டியெடுத்து அவற்றையும் எரித்தார்கள். புளியந்தீவில் முதல் கோட்டையைக் கட்டிய பேரரசு இதுதான். ஒரு கோட்டையின் வரலாற்றைப் படிக்கும்போது அதைக் கட்டியவர்கள் தங்கள் சொந்தக் குடிமக்களை எப்படி நடத்தினார்கள் என்பதையும் படிக்க வேண்டும்.

ஓடியவர்களில் சிலர் ஆம்ஸ்டர்டாமுக்கும் சிலர் கொச்சிக்கும் போனார்கள். கொச்சி அரசன் தன் அரண்மனைக்கு அடுத்தாற்போல் அவர்களுக்கு நிலம் கொடுத்தான். 1568இல் ஜெப ஆலயம் எழுந்தது. அரண்மனைக் கோயிலும் அதுவும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. வெளிநாட்டிலிருந்து வந்தவர்களின் ஆலயம் என்பதால் பரதேசி ஜெப ஆலயம் என்று பெயர். 1662இல் எரிந்ததை ஒல்லாந்தர் வந்தபின் புதுக்கினார்கள். 1686இல் ஆம்ஸ்டர்டாமிலிருந்து மோசே பெரேரா டி பைவா தலைமையில் யூதர்கள் சிலர் வந்து, தூரத்து உறவினரைக் கண்ட மகிழ்ச்சியோடு ஓர் அறிக்கை எழுதினார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் கம்பனியின் பெரிய வணிகராக விளங்கிய எசக்கியேல் ரஹாபி 1760இல் மணிக்கூண்டு கட்டினார். தரைக்குச் சீனத்திலிருந்து நீலச் சித்திரம் தீட்டிய ஓடுகள் வந்தன. ஒவ்வொன்றும் கையால் தீட்டியது. செருப்பைக் கழற்றிவிட்டு அந்த ஓடுகளின் மேல் நடந்துபோய், நடுவிலிருக்கும் பித்தளைக் கம்பியிட்ட மேடையைப் பார்க்கலாம். வேதச் சுருளை விரித்து வாசிக்கும் மேடை அது.

அந்த மேடை எல்லா யூதருக்கும் உரியதாக இருக்கவில்லை. நான் கொச்சிக் கதையை இழுத்துவந்ததே இதற்காகத்தான்.

பரதேசி யூதர்களின் வீடுகளில் அடிமைகளாக இருந்து விடுவிக்கப்பட்டவர்களும் அவர்களுடைய சந்ததியாரும் தனிப் பிரிவாக வைக்கப்பட்டிருந்தார்கள். அவர்களும் யூதர்களே, அதே விரதம், அதே மொழியில் பிரார்த்தனை. ஆனால் ஆலயத்தில் அவர்களுக்கு வாங்கு கிடையாது. முன்கூடத்தில், வாசலோரமாகத் தரையில் உட்கார வேண்டும். வேதச் சுருளை வாசிக்க மேடைக்கு அழைக்கமாட்டார்கள். பெண் கொடுப்பதில்லை, எடுப்பதில்லை. செத்தால் புதைக்கவும் அதே மயானத்தில் இடமில்லை. பழைய மலபார் யூதர்களையும் பரதேசிகள் சமமாகக் கொள்ளவில்லை. அவர்களுக்குத் தனியாக ஏழு ஆலயங்கள் இருந்தன. 'நாம் உயர்ந்தவர்' என்ற நஞ்சு இந்த மண்ணின் சாதியிலிருந்து ஊறியது என்று சிலர் சொல்வார்கள். அது உண்மைதான். ஆனால் யூத சட்டம் அதற்கு இடம் தரவில்லை. 16ஆம் நூற்றாண்டிலேயே கொச்சியிலிருந்து இதைப் பற்றிக் கெய்ரோவுக்குக் கேள்வி போனது. அங்கிருந்த பெரும் அறிஞர் ரபி தாவீத் பென் சிம்ரா, முறைப்படி சேர்த்துக்கொண்டபின் எல்லாரும் சமம், மணம்கூடச் செய்யலாம் என்று தீர்ப்பு எழுதினார். தீர்ப்பு வந்தது, முன்கூடத்துத் தரை மாறவில்லை. விசாரணை மன்றத்தின் தீயிலிருந்து தப்பி வந்தவர்களின் வழித்தோன்றல்கள், தங்கள் சொந்தச் சகோதரரைத் தரையில் உட்கார வைத்தார்கள். ஒருமுறை விரட்டப்பட்டவன் இன்னொருவனை விரட்டமாட்டான் என்று நாம் நம்புகிறோம். வரலாறு அந்த நம்பிக்கைக்குத் துணை நிற்பதில்லை.

1882இல் அந்தத் தரையில் உட்காரும் குடும்பம் ஒன்றில் ஆபிரகாம் பராக் சாலம் பிறந்தார். சென்னைக்குப் போய்ப் படித்துப் பட்டம் பெற்று வழக்கறிஞரானார்; அவர் பிரிவில் அந்தத் தொழிலுக்கு வந்த முதல் ஆள் அவர். ஊர் திரும்பித் தொழிலாளர் பக்கம் நின்றார், காங்கிரஸில் சேர்ந்தார். 1925இல் கொச்சி சட்டசபைக்குப் போனார். 1929இல் லாகூர் காங்கிரஸ் மாநாட்டிலும் இருந்தார். சட்டசபையில் அவருக்கு நாற்காலி இருந்தது, நீதிமன்றத்தில் மேசை இருந்தது. சனிக்கிழமை ஜெப ஆலயத்துக்குப் போனால் தரை.

வேறொருவராக இருந்தால் ஆலயத்தை விட்டே விலகியிருப்பார். சாலம் விலகவில்லை. அது அவருடைய ஆலயம் என்பதில் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. கொஞ்சக் காலம் புறக்கணித்துப் பார்த்தார். பிறகு காந்தி காட்டிய வழியைக் கையில் எடுத்தார். பக்கத்துத் திருவிதாங்கூரில் 1924, 25இல் வைக்கத்துச் சத்தியாக்கிரகம் நடந்து முடிந்த காலம்; கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடக்கும் உரிமைக்காக மனிதர்கள் மாதக்கணக்கில் மழையிலும் வெள்ளத்திலும் நின்றதை அந்தக் கரை முழுதும் அறியும். சாலம் தம் ஜெப ஆலயத்திலேயே சத்தியாக்கிரகம் செய்தார். பிள்ளைகளும் அப்பாவோடு சேர்ந்தார்கள். எதிர்த்தரப்பில் இருந்தவர்கள் அந்நியர் அல்லர், அடுத்த வீட்டுக்காரர்கள். ஒரே தெரு, காலையில் முகம் பார்த்துத்தான் ஆக வேண்டும். பெரிய அரசாங்கத்தை எதிர்ப்பதைவிட இது கடினம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆண்டுகள் பல போயின. ஒவ்வொரு தடையாகத் தளர்ந்து, 1940களின் தொடக்கத்தில் உள்ளே அமரவும் வேதம் வாசிக்கவும் வழி திறந்தது. 1950இல் அவருடைய மகன் பரதேசிக் குடும்பத்துப் பெண்ணை மணந்தார். அந்தக் கல்யாணத்தைக் கொச்சியில் நடத்த முடியாமல் பம்பாயில்தான் நடத்தினார்கள். 1967இல் சாலம் காலமானார். அடுத்த ஆண்டு ஆலயத்தின் 400ஆம் ஆண்டு விழாவுக்குப் பிரதமர் இந்திரா காந்தி வந்தார், தபால்தலையும் வெளியிட்டார்கள்.

'யூத காந்தி' என்று கொச்சியில் அழைத்தது சாலத்தைத்தான். அந்த ஜெப ஆலயத்தைப் பார்க்கப் போகிறவர்கள் ஓடுகளையும் சரவிளக்குகளையும் பார்த்துவிட்டு வருகிறார்கள். அந்த முன்கூடத்துத் தரையில் ஒரு நிமிடம் நின்றுவிட்டு வரவேண்டும் என்று நான் எல்லாரையும் கேட்டுக்கொள்வேன்.

இனி நம் வாவிக்குத் திரும்புவோம். யூதர்களுக்கும் இலங்கைக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய செய்தி உண்டு. பத்தாம் நூற்றாண்டில் சீராப் துறைமுகத்து அபூ ஸைத், செரந்தீவில் யூதர் பலர் வாழ்வதாகவும், ஒவ்வொரு சமயத்தாரும் அவரவர் வழியில் நடக்க அரசன் விட்டிருப்பதாகவும் எழுதினார். 1154இல் சிசிலி அரசனுக்காக உலக வரைபட நூலை முடித்த அல் இத்ரீசி அதற்கும் மேலே போகிறார். செரந்தீவின் அரசனுக்குப் பதினாறு அமைச்சர்கள்: நாட்டுச் சமயத்தார் நால்வர், கிறிஸ்தவர் நால்வர், முஸ்லிம்கள் நால்வர், யூதர் நால்வர் என்கிறார். இத்ரீசி இலங்கைக்கு வந்தவரல்லர். கடலோடிகள் சொல்லக் கேட்டு எழுதியவர். அந்தச் சபை அப்படியே இருந்தது என்று நான் சாதிக்க வரவில்லை. ஆனால் பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கடலோடிகள், துறைமுகம் துறைமுகமாகப் போய், இந்தத் தீவைப் பற்றிச் சொன்ன பெருமை, சிறியவர்களுக்கும் சபையில் இடம் கொடுக்கும் நாடு என்பதாக இருந்திருக்கிறது.

வாவிக்கரைக்கு இது புதிய எண்ணமன்று. மட்டக்களப்பில் தாய்வழிக் குடிமுறை இன்றும் வழக்கில் இருக்கிறது. கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீச்சரம் போன்ற தேசத்துக் கோயில்களில் எந்தக் குடிக்கு எந்த உரிமை, எந்த நாள் திருவிழா என்று வரையறுத்து வைத்திருக்கிறார்கள். முஸ்லிம்களிடமும் குடிகள் உண்டு. பள்ளிவாசல் நிருவாகத்தில் குடிக்கொரு மரைக்காயர் என்று அமர்த்தும் வழக்கம் இருந்தது. இந்த முறை சமத்துவமானதல்ல. சாதி அதற்குள் இருக்கிறது, தாழ்த்தி வைக்கப்பட்டவர்களுக்கு அதில் கிடைத்தது தொண்டூழியம்தான். இருந்தும், ஒரு பொதுக் காரியத்தில் ஒரு பகுதியாரைக் கேளாமல் செய்யக்கூடாது என்ற உணர்வு இங்கே வேரோடு இருந்தது. "எங்கட குடிக்குச் சொல்லல்லையே" என்று திருவிழாவையே நிறுத்திவைக்கும் ஊர்கள் இவை.

1931இல் டொனமூர் சீர்திருத்தம் வந்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் இருபத்தொரு வயதில் வாக்கு. ஆசியாவில் அதற்கு முன் இப்படிப் பரந்த வாக்குரிமையோடு பொதுத் தேர்தல் நடந்ததில்லை. மலையகத் தோட்டத் தமிழரில் பெரும்பாலோரை வதிவிட நிபந்தனை தடுத்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மட்டக்களப்புத் தெற்கில் தேர்வான மாக்கான் மாக்கார் அரசுச் சபையில் அமைச்சருமானார். 1936இல் அமைந்த அமைச்சர் குழுவில் சிங்களவர் தவிர ஒருவரும் இல்லை. ஐந்தே ஆண்டுகளில் சிறுபான்மையினரின் நாற்காலிகள் அனைத்தும் போய்விட்டன. ஒருவருக்கு ஒரு வாக்கு என்பது மட்டுமே போதுமா என்ற கேள்வி அன்றைக்கே பிறந்துவிட்டது.

அந்தக் கேள்விக்கு லண்டனிலிருந்து பதில் எழுதியவர் ஒரு யூதர்: லியோனார்ட் வுல்ஃப். வர்ஜீனியா வுல்ஃபின் கணவர் என்று பலருக்குத் தெரியும். 1904இல், இருபத்து நான்கு வயதில், இலங்கை சிவில் சேவைக்கு வந்து யாழ்ப்பாணக் கச்சேரியில் வேலை பழகியவர். யாழ்ப்பாணக் கோட்டை மதில்மேலிருந்த பங்களாவில் குடியிருந்தார். பிறகு அம்பாந்தோட்டைக்குப் போனார். 1912இல் வேலையை விட்டார். தமிழ்ப் பகுதியையும் சிங்களப் பகுதியையும் கச்சேரி மேசையிலிருந்து அறிந்த மனிதர். 1938இல் தொழிற்கட்சியின் ஆலோசனைக் குழுவுக்காக எழுதிய குறிப்பில், இலங்கையின் சிறுபான்மையினரைக் காக்க சுவிற்சர்லாந்தின் மாநில முறை போன்ற கூட்டாட்சியை ஆராய வேண்டும் என்றார். தமிழரசுக் கட்சி பிறப்பதற்குப் பதினொரு ஆண்டு முன்பு! பிறந்த நாட்டிலேயே சிறுபான்மையாக வளர்ந்தவருக்கு, பெரும்பான்மையின் எண்ணிக்கை என்ன செய்யும் என்பது புத்தகத்தில் படித்துத் தெரிய வேண்டியதாக இருந்திராது. எவரும் அவர் சொன்னதைச் செவிமடுக்கவில்லை.

1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தது. 1961 ஜனவரி முதலாம் திகதியிலிருந்து அதை முழுமையாக நடைமுறைப்படுத்த சிறிமாவோ அரசாங்கம் முனைந்தது; நீதிமன்ற மொழிச் சட்டமும் வந்தது. படுவான்கரை விவசாயியின் பாதையையும் பஸ்ஸையும் நினைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவு தூரம் வந்து கச்சேரியில் அவர் வாங்கும் கடுதாசியை அவராலும் வாசிக்க முடியாது, அவருடைய ஊர் வாத்தியாராலும் வாசிக்க முடியாது. தன் காணியைப் பற்றித் தன் அரசாங்கம் எழுதியதைத் தானே அறிய முடியாதவன் எந்த விதத்தில் குடிமகன்?

பெப்ரவரி 20ஆம் திகதி தமிழரசுக் கட்சித் தலைவர் தந்தை செல்வா தலைமையில் யாழ்ப்பாணக் கச்சேரி வாசலில் சத்தியாக்கிரகம் தொடங்கியது. பொலிசார் அடித்தார்கள், உட்கார்ந்தவர்கள் எழவில்லை. பிறகு மட்டக்களப்பு, திருகோணமலை, மன்னார், வவுனியா என்று பரவியது. மட்டக்களப்பில் கச்சேரி கோட்டைக்குள். பட்டிருப்பு எஸ்.எம். இராசமாணிக்கமும் மட்டக்களப்பு செ. இராசதுரையும் அப்போது இந்தப் பகுதியின் தமிழரசு எம்.பி.க்கள். படுவான்கரையிலிருந்தும் எழுவான்கரையிலிருந்தும் சனம் வந்தது. பெண்கள் பெருந்தொகையாக வந்தார்கள். முஸ்லிம்களும் வந்து சேர்ந்து அமர்ந்தார்கள்.

கோட்டையின் அமைப்பை இங்கே கவனியுங்கள். எதிரி நினைத்தபடி நுழையக்கூடாதென்று ஒல்லாந்தர் வாவியையும் அகழியையும் அரணாக்கி, உள்ளே போகும் வழியைச் சுருக்கி வைத்தார்கள். ஆயுதம் ஏந்தியவனைத் தடுக்கச் செய்த அந்த ஏற்பாடு, ஆயுதமில்லாமல் வந்தவர்களுக்கு வசதியாகப் போயிற்று. வழியில் உட்கார்ந்தால் போதும். மனிதரை மிதித்துக்கொண்டு போகாமல் யாரும் உள்ளே போக முடியாது. 1638இல் பீரங்கி வைத்துத் திறந்த கோட்டையை 1961இல் சும்மா அமர்ந்தே மூடினார்கள். முதல் தடவை நடந்ததில் அரசனின் சம்மதம்கூட ஏட்டில் இல்லை. இரண்டாம் தடவை, எங்கள் சம்மதம் இல்லாமல் இந்த அலுவலகம் நடக்காது என்று சாதாரண மனிதர்கள் உடம்பால் எழுதிக் காட்டினார்கள்.

ஏறத்தாழ இரண்டு மாதம். ஏப்ரல் 14இல் யாழ்ப்பாணத்தில் தமிழரசுத் தபால் சேவை தொடங்கினார்கள். ஏப்ரல் 17ஆம் திகதி அவசரகால நிலை. அன்றிரவே இராணுவம் இறங்கியது. தலைவர்களைப் பிடித்துப் பனாகொடை முகாமில் அடைத்தார்கள். சத்தியாக்கிரகம் முறிந்தது. கேட்டது கிடைக்கவில்லை. சாலம் தம் வாழ்நாளில் உள்ளே போனார். கோட்டைவாசலில் இருந்தவர்கள் போகவில்லை. ஏன் இந்த வேறுபாடு? சாலத்தை எதிர்த்தவர்கள் தினமும் அவர் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. மட்டக்களப்பில் அமர்ந்தவர்களைப் பற்றி முடிவெடுத்தவர்கள் கொழும்பில் இருந்தார்கள். அவர்களுடைய தேர்தல் வெற்றிக்கு இந்த வாவிக்கரையின் ஒரு வாக்கும் தேவைப்படவில்லை. 1936இல் எழுந்த கேள்வியே 1961இல் இராணுவ வண்டியில் ஏறி வந்தது.

தமிழரும் முஸ்லிம்களும் சேர்ந்து அமர்ந்தார்கள் என்றேன். அந்தச் சேர்க்கைக்கு அரசியலமைப்பிலும் ஓர் இடம் இருந்தது. 1960 முதல் மட்டக்களப்பு இரட்டை அங்கத்தவர் தொகுதி. வாக்காளருக்கு இரண்டு வாக்கு. ஒரு தமிழரும் ஒரு முஸ்லிமும் ஒரே தொகுதியிலிருந்து போகலாம் என்பதே அதன் நோக்கம். ஒவ்வொரு தேர்தலிலும் அப்படி அமையவில்லை. ஆனாலும் பக்கத்து ஊரைப் பகைத்துக்கொண்டு எளிதில் வெல்ல முடியாத ஏற்பாடு அது. இன்றைய விகிதாசார முறையில் அந்தக் கட்டாயம் போய்விட்டது. எனக்கு அது பெரிய இழப்பாகவே படுகிறது.

அதைவிடப் பெரிய இழப்பு 1990இல் நேர்ந்தது. ஆகஸ்ட் 3ஆம் திகதி இரவுத் தொழுகையில் இருந்த காத்தான்குடி மக்களை, மீரா ஜும்ஆப் பள்ளிவாசலிலும் ஹுசைனியாப் பள்ளிவாசலிலும் விடுதலைப் புலிகள் சுட்டார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் தொழுத இடத்திலேயே மாண்டார்கள். சிறுவர்களும் அவர்களில் இருந்தார்கள். அடுத்த மாதம் 9ஆம் திகதி சத்துருக்கொண்டானில் தமிழ்க் கிராமத்தவர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோரை இராணுவத்தினர் கொன்றார்கள். இரண்டையும் நினைக்க வேண்டும். ஒன்றைச் சொல்லி மற்றதை மறைப்பவர்களுக்கு இந்தத் தொடரில் இடமில்லை. தமிழ் வாசகர்களுக்கு எழுதுகிறபடியால் முதலாவதை நான் கூடுதல் அழுத்தத்தோடு சொல்கிறேன். அதற்குச் சுமார் முப்பது ஆண்டுக்கு முன் கோட்டைவாசலில் நமக்குப் பக்கத்தில் வந்து அமர்ந்தவர்களின் பிள்ளைகள் அவர்கள். தீயிலிருந்து தப்பி வந்தவர்களின் வழித்தோன்றல்கள் சகோதரனைத் தரையில் உட்கார வைத்த கொச்சி முன்கூடத்தைப் பற்றி எழுதும்போது என் மனதில் இருந்தது காத்தான்குடிதான்.

கோட்டையைப் பாதுகாக்க வேண்டும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். மதிலையும் கொத்தளத்தையும் பாதுகாக்கட்டும். வெஸ்டர்வோல்டின் பெயரும் இராசசிங்கனின் பெயரும் அங்கே இருக்கட்டும். அதோடு 1961இன் பெயர்களும் வேண்டும்: எம்.பி.க்களின் பெயர்கள் மட்டுமல்ல, பாதையில் வாவி கடந்து வந்து வெயிலில் உட்கார்ந்த பெண்களின் பெயர்களும், பக்கத்து ஊர்களிலிருந்து வந்த முஸ்லிம்களின் பெயர்களும். அந்த வாசலில் அன்று இருபது வயதில் இருந்தவர்களுக்கு இன்று எண்பது தாண்டிவிட்டது. உங்கள் அம்மம்மாவோ பெரியப்பாவோ மூத்தம்மாவோ அங்கே இருந்தார்களா என்று இந்த வாரமே கேளுங்கள். யாருடன் போனார்கள், எங்கே அமர்ந்தார்கள், யார் தண்ணீர் கொடுத்தது, இராணுவம் வந்த இரவு எங்கே இருந்தார்கள் என்பதையெல்லாம் அவர்கள் சொல்கிற மாதிரியே ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.

(தொடரும்)